மூலைச் சோளம்

செவிமுனைகள் வந்த பிறகு அந்தக் கரிசல் ஊரில் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. நிலத்தின் நடுவே ஒரு தூண். அதைச் சுற்றிவரும் நீண்ட சுழல்கரம். அதில் வரிசையாகத் தொங்கும் செவிமுனைகள். தாகமெடுத்த செடி மனிதக் காதுக்கு எட்டாத ஒரு சத்தம் போடும்; அதைக் கேட்டதும் நேர் மேலே இருக்கும் முனை திறந்து, அந்தச் செடிக்கு மட்டும் தெளிக்கும். தூணருகே சின்ன முனை, வெளியே போகப் போகப் பெரிய முனை என்று கணக்குப் பார்த்து மாட்டிய பழைய தொல்லை ஒழிந்தது என்று இசக்கித்தாய்தான் முதலில் குதூகலித்தாள். ஊரில் முனை மாட்டுகிறவள் அவள்தான்.

பதினான்கு போகம் ஆயிற்று. கரம் சுற்றும் வட்டம் முழுக்கச் சோளம் பச்சைப்பசேலென்று நின்றது. இசக்கித்தாய் ஒரு கதிரைக் கசக்கினாள். உமிதான் பறந்தது. அடுத்ததும் பதர். போன போகம் பாதி பதரானபோது வெயிலின் மேல் பழி போட்டார்கள். இப்போது வரிசை வரிசையாகக் கசக்கிப் பார்த்தாள்; எல்லாமே பதர்.

செவிமுனைகள் கேட்டதையெல்லாம் குறித்துவைக்கும் கரத்தின் பதிவைப் பார்த்தாள். சொதசொதவென்ற ஈரத்தில் நின்றுகொண்டே செடிகள் கத்திக்கொண்டிருந்தன. விளங்கிவிட்டது. ஊரில் விதைக்கு எடுப்பது எப்போதும் வாடாத செடியின் கதிரைத்தான். வாடாதது எது? கூப்பாடு போட்டுத் தண்ணீர் வாங்கியது. கத்தத் தெரிந்ததையே பொறுக்கிப் பொறுக்கி விதைத்திருக்கிறார்கள், பாவிகள், அவளும் சேர்ந்துதான். கத்தியே சத்தெல்லாம் தீர்ந்த செடியில் மணி எங்கே பிடிக்கும்?

வட்டம் எட்டாத வடகிழக்கு மூலையில் மட்டும், குதிரின் அடியில் கிடந்த பழைய விதையை மழையை நம்பித் தூவியிருந்தாள். அங்கே கதிர் பால் பிடித்திருந்தது. ஒரு நனைப்பு கிடைத்தால் மணி முற்றிவிடும். ஊருக்கு இனி அதுதான் விதை.

கரத்தின் நுனியில், நாலாபக்கமும் திரும்பும் பெரிய செவிமுனை ஒன்றை மூலையைப் பார்த்து மாட்டினாள். கரம் வந்தது. முனை மூலைப்பக்கம் ஒரு கணம் காது கொடுத்தது. பிறகு வட்டத்துக்குள் திரும்பிப் பீய்ச்சியது. பழைய சோளம் முனகியிருக்கும். அத்தனை கூச்சலில் அது எங்கே கேட்கப்போகிறது? முனையைக் கழற்றிப் பார்த்தாள். செவி இல்லாத குழாய்க்குக் கரம் தண்ணீர் விடவில்லை. வீட்டுக் குடங்களைச் சுமந்து ஊற்றினாள். வெடித்த கரிசல் குடித்துவிட்டு மறுபடி வெடித்தது.

"ஏட்டி, அது தண்ணியே கேக்கலியே. தேவப்படலபோல, விடு" என்றார் கணவர் பொன்பாண்டி.

"அதுக்குக் கேக்கத் தெரியாதுங்க."

"தெரியாட்டி நாம என்ன செய்ய முடியும்?"

ஐந்தாம் நாள் மூலைச் சோளம் சருகாகி நின்றது. பால் வற்றிய மணிகள் தொட்டதும் உதிர்ந்தன. பின்னால் கரம் விடாமல் தெளித்துக்கொண்டிருந்தது.

இசக்கித்தாய் வீட்டுக்கு வந்து உலை வைத்தாள், பரிமாறினாள், பாத்திரம் கழுவினாள். அன்று முழுக்க அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன ஏது என்று யாரும் கேட்கவும் இல்லை.