ஷிஃபானா தெரிந்தெடுத்த மவுஸ்

கணினி மவுஸைப் பற்றிச் சந்தேகம் என்றால் ஷிஃபானாவிடம்தான் கேட்க வேண்டும் என்று கிண்ணியாவில் அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் சொல்வார்கள். அவளும் அதை மறுத்ததில்லை.

அதனால், கட்டாரில் வேலை செய்யும் ஸஜ்ஜாத் மாமா இரண்டு வருடங்களுக்குப் பிறகு லீவில் வரப்போகிறார் என்றதும், அவருடைய மகன் இஹ்ஸான் நேரே அவளிடம் ஓடி வந்தான்.

“மச்சி, கேம் விளையாட மவுஸ் ஒண்டு கொண்டு வாறன் எண்டு வாப்பா சொல்லிட்டார். எது நல்லம் எண்டு பாத்துச் சொல்லு.”

ஷிஃபானா மூன்று நாள் இணையத்தில் மூழ்கிக் கிடந்தாள். ஒரு மவுஸ் முட்டை ஓடு போல இலேசு. ஆனால் பார்க்க ஒன்றுமில்லை. இன்னொன்றில் பன்னிரண்டு பொத்தான்கள். விரல்களுக்கே வழி தவறிவிடும். மூன்றாவதில்தான் அவள் மயங்கிப்போனாள். உள்ளங்கை நிறையும் முதுகு, பெருவிரல் சாய்ந்துகொள்ள ஒரு பள்ளம், அதற்கு மேல் இரண்டு பொத்தான்கள், அடியில் ஏழு நிறத்தில் ஓடும் வெளிச்சம். அடிமட்டத்தை வைத்துக் கையைக்கூட அளந்து பார்த்தாள். கச்சிதமாக இருந்தது.

“இதுதான். கண்ண மூடிக்கொண்டு வாங்கச் சொல்லு,” என்றாள்.

மாமாவும் அதையே வாங்கி வந்தார். ஆனால் பத்து நாளாகியும் இஹ்ஸான் அதைப் பற்றி ஒரு கதையும் சொல்லவில்லை. கடைசியில் அவளே பார்க்கப் போனாள்.

வாசலில் கதிரை போட்டு மாமா தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். “வா மகள். உன்ட மவுஸ் உள்ளுக்குக் கலியாண வீடு மாதிரி மின்னிக்கொண்டு கிடக்கு.”

உள்ளே இஹ்ஸான் விளையாடிக்கொண்டிருந்தான். மவுஸ் இருந்தது அவனுடைய இடக்கையில்.

பெருவிரலுக்கான பள்ளத்தில் அவனுடைய சின்னவிரல் வழுக்கியது. மோதிரவிரல் பட்டுப் பக்கப் பொத்தான் அழுந்தியது. திரையில் இருந்த வீரன், எதிரி முன்னால் நிற்கும்போதே வாளைக் கீழே போட்டான்.

“சமாதானமாப் போகப் போறாரா?” என்று கேட்டாள். ஆனால் அவளுக்கே சிரிப்பு வரவில்லை.

இஹ்ஸான் அவசரமாக மவுஸை வலக்கைக்கு மாற்றினான். வீரன் சுவரில் போய் மோதினான்.

“ஏன் என்னட்டச் சொல்லல்ல?”

“வாப்பா அஞ்சு கடை ஏறி இறங்கி வாங்கினதாம். ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போறார். அது வரைக்கும் நல்லம் எண்டுதான் சொல்லுவன்.”

அவன் ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு.

அவள் வீட்டுக்கு விளையாட வரும்போதெல்லாம் அவளுடைய சாம்பல் நிற மவுஸை அவன் இடப்பக்கம் நகர்த்திக்கொள்வான். அவன் போனதும், முணுமுணுத்தபடி அதைத் திரும்ப வலப்பக்கம் வைப்பவள் அவள்தான். எத்தனை தடவை! அப்படியிருந்தும் அடிமட்டத்தால் அளந்தது தன்னுடைய கையை. மூன்று நாளும் தேடியது அவனுக்கு ஏற்ற மவுஸை அல்ல, தான் ஆசைப்பட்ட மவுஸை.

வீட்டுக்குப் போய்த் தன் மவுஸை எடுத்து வந்தாள்.

“வாப்பாட்டச் சொல்லப் போறியா?” இஹ்ஸான் பயந்தான்.

“உன்ட கதையச் சொல்லல்ல. என்ட பிழையச் சொல்லப் போறன்.”

வாசலுக்குப் போனாள். “மாமா, நான் பிழை விட்டிட்டன். அந்த மவுஸ் வலக்கைக்காரருக்குச் செய்தது. இஹ்ஸானுக்கு இடக்கை.”

மாமா கோப்பையைக் கீழே வைத்தார். “இடக்கையா? அவன் வலக்கையாலதானே சாப்பிடுறான், எழுதுறான்?”

“அது பழக்கினது வாப்பா,” என்றான் கதவோரம் வந்து நின்ற இஹ்ஸான். “மத்ததுக்கெல்லாம் இந்தக் கைதான் வருது.”

“எனக்குத் தெரியாமப் போச்சே,” என்றார் மாமா, மெதுவாக.

தூரத்தில் இருப்பவருக்குத் தெரியாததில் நியாயம் இருந்தது. பக்கத்திலேயே இருந்த தனக்கு? ஷிஃபானா தலையைக் குனிந்துகொண்டாள்.

சாம்பல் மவுஸுக்கு வெளிச்சம் இல்லை, பள்ளம் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. அதை அவள் இஹ்ஸானின் கணினியில் பொருத்தினாள். “இத நீயே வச்சிரு.”

“அப்ப மின்னுறத நீ எடு மகள்,” என்றார் மாமா.

“வேணாம் மாமா.” அவ்வளவு ஆசைப்பட்டதால்தான் அவளால் அதை எடுக்க முடியவில்லை.

“சரி, நான் கொண்டு போறன். அங்க எங்கட றூமில அடிக்கடி பல்ப் போகுது.”

மூவரும் சிரித்துவிட்டார்கள். மாமா கதிரையை உள்ளே இழுத்து வந்து மகனுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். வீரன் இந்த முறை வாளைப் போடவில்லை. மாமா திரையைப் பார்க்கவேயில்லை; மகனின் இடக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷிஃபானா சத்தமில்லாமல் வெளியே வந்தாள். மாமா ஞாயிற்றுக்கிழமை போகும்வரை அவர்கள் இருவருக்கும் இன்னும் மூன்று நாள் இருந்தது. அவள் தெரிந்தெடுத்த மவுஸ் குறுக்கே வந்திராவிட்டால், பதின்மூன்று நாளாக இருந்திருக்கும்.