சமையலறையில் ஒரு வெள்ளைப் புள்ளி

கருங்கல்பாளையம் மூன்றாம் வீதியில் யாராவது தும்மினால் நாலு வீட்டுக் கதவுகள் திறக்கும்.

“தும்முனது யாருங்க?”

“நான்தானுங்க, பத்தாம் நம்பர்.”

“வாங்க வாங்க, காபி சாப்பிட்டுட்டுப் போங்க. எங்க சின்னவனுக்கு இன்னும் ஒட்டவே இல்லை.”

பத்தாம் நம்பர்க்காரர் மூக்கை உறிஞ்சியபடி மாப்பிள்ளை மிடுக்கோடு உள்ளே போனார். வருடத்தில் ஒரு தடவை, சளி பிடித்தவருக்குத்தான் ஊரில் மரியாதை.

தொற்றுத்தட ஆய்வாளர் இளநிலா சிரித்துக்கொண்டே நடந்தாள். கையில் தொற்றுப்படம். ஒவ்வொரு மனிதரும் ஒரு புள்ளி. நற்சளி பிடித்தவர்கள் பச்சை, பிடிக்காதவர்கள் வெள்ளை. வீதி முழுக்க வெற்றிலைக் கொடிக்கால் மாதிரிப் பச்சை. காபி வீட்டுச் சின்னவனை விட்டால், ஒன்றே ஒன்று மட்டும் வெள்ளை.

அதுதான் அவளை இங்கே இழுத்து வந்திருந்தது.

ஊசிக்காலம் முடிந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. நீலக் காய்ச்சல் ஆண்டுதோறும் உருமாறி வந்தது. ஆளுக்கொரு ஊசி போட்டு முடிப்பதற்குள் அது மாவட்டத்தைத் தாண்டிவிடும். அதனால் விஞ்ஞானிகள் காய்ச்சலை மாதிரியே தானாகப் பரவும் தடுப்பு மருந்து ஒன்றைச் செய்தார்கள். சாதுவான ஒரு வைரஸ், அதுதான் நற்சளி. ஊருக்குப் பத்துப் பேர் மூக்கில் விட்டால் போதும், மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். நாலு நாள் தும்மல், வருடம் முழுக்கப் பாதுகாப்பு.

ஒரே ஒரு பலவீனம் அதற்கு. பேச்சில் தெறிக்கும் துளிகளில்தான் அது உயிரோடு பயணம் செய்யும். கை எட்டும் தூரத்தில், முகம் பார்த்து, ஒரு காபி குடிக்கும் நேரமாவது பேச வேண்டும். மேஜையிலோ தம்ளரிலோ விழுந்தால் அங்கேயே செத்துவிடும்.

வெள்ளைப் புள்ளி இருந்தது பதினான்காம் எண் வீட்டில். தனிக்கட்டையாக யாரோ முரட்டு ஆசாமி இருப்பார் என்று நினைத்துத்தான் மணியை அழுத்தினாள்.

கதவைத் திறந்தவர் பிரணவ், வீட்டுக்காரர். பின்னால் மகள் யுகா. சேலம் விடுதியிலிருந்து நேற்று வந்த மகன் அகரன், கைக்குட்டையும் சிவந்த மூக்குமாக. மூன்று பேரும் பச்சை.

“எங்க வீட்டுலயா? இருக்காதுங்க மேடம்” என்றார் பிரணவ். “உங்க மெஷினைத் தட்டிப் பாருங்க.”

வெள்ளைப் புள்ளி சமையலறையில் இருந்தது. ரித்திகா, பிரணவின் மனைவி. ஐம்பது வயது. சிரித்த முகம்.

“வாங்க கண்ணு. தோசை ஊத்தட்டுமா?”

இளநிலா மூச்சுமானியை நீட்டினாள். ரித்திகா ஊதினாள். வெள்ளை. மறுபடி ஊதச் சொன்னாள். மறுபடியும் வெள்ளை. கருவி கோளாறோ என்று அகரனை ஊதச் சொன்னாள். திரை பளிச்சென்று பச்சையானது. கூடவே கீழே ஓர் எச்சரிக்கை: இன்று மாலை வரைதான் இவன் பரப்புவான்.

ஒரே கூரைக்குக் கீழே மூன்று பேருக்குப் பிடித்த சளி, நான்காவது ஆளை மட்டும் எப்படி விட்டது? பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தியா? இளநிலாவின் மூளை பரபரத்தது. ஆராய்ச்சி நிலையத்துக்கே தகவல் சொல்ல வேண்டிய சங்கதியோ?

அதற்குள் மூன்று பேரும் அவரவர் அறைக்குப் போயிருந்தார்கள். அப்போது சமையலறைச் சுவரில் இருந்த ஒலிபெருக்கி பேசியது.

“அம்மா, இன்னொரு தோசை!” மாடியிலிருந்து யுகா.

“எனக்குச் சட்னி” என்றது பிரணவின் குரல்.

ரித்திகா தட்டுகளை எடுத்து ஒரு சின்னச் சக்கர வண்டியின் தலையில் வைத்தாள். அது குழைவாக ஒரு மெட்டுப் போட்டுக்கொண்டு உருண்டு போனது.

“பரிமாறி” என்றாள் பெருமையாக. “எனக்குக் கால்வலிங்க. நடக்கக் கூடாதுன்னு பசங்க என் பிறந்த நாளுக்கு வாங்கிக் குடுத்தாங்க. தங்கமான பசங்க. அரிசி பருப்பெல்லாம் பறவைவண்டி ஜன்னல்லயே போட்டுட்டுப் போயிருது. எதுக்குமே நான் வெளிய போக வேண்டியதில்லை.”

“நீங்க எப்பச் சாப்பிடுவீங்க?”

“எல்லாரும் ஆனதுக்கப்புறம்.”

“யாரு கூட?”

ரித்திகா மாவைக் கலக்கினாள்.

இளநிலா மூன்று பேரையும் சமையலறைக்கு வரச் சொன்னாள். வாசற்படியில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள், அறிமுகமில்லாத வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி.

“கடைசியா இவங்க எதிர்ல உட்கார்ந்து பேசினது யாரு? எப்போ?”

“தினமும் பேசறோமே!” என்றாள் யுகா.

“ஸ்பீக்கர்ல இல்லைம்மா.”

யுகா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தம்பியைப் பார்த்தார். தம்பி தும்மினான்.

“நீலக் காய்ச்சல் பவானிக்கு வந்தாச்சு” என்றாள் இளநிலா. “இந்த வாரமே இங்க வந்துரும். அதுக்குப் பேச்சுத்துணை வேண்டாம், திறந்த ஜன்னல் போதும். போன தடவை அது தொட்டவங்கள்ல பாதிப் பேர் திரும்பலை.”

பிரணவின் முகம் வெளுத்தது. “நீங்களே இவளுக்கு...”

“எனக்குப் போன மாசமே வந்து போயிருச்சு. புது மருந்துக் குப்பி வர இன்னும் பத்து நாளாகும். இந்த வீதியில கொஞ்சம் கிருமி மிச்சமிருக்கறது ரெண்டே மூக்குலதான். பத்தாம் நம்பர்க்காரரை வேணா கூட்டிட்டு வரட்டுங்களா?”

“வேண்டாம்” என்றான் அகரன் சட்டென்று. அடுப்பை அணைத்தான். அம்மாவைத் தரையில் உட்காரவைத்து, எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தான். முழங்கால்கள் முட்டிக்கொண்டன.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

“பேசுங்க தம்பி.”

“என்ன பேசறது?”

“எதையாவது!”

“அம்மா... சாப்ட்டியா?”

“இல்லைடா.”

பரிமாறி காலித் தட்டுகளோடு திரும்பி வந்து, வழியில் ஆட்கள் இருப்பதைக் கண்டு குழம்பி நின்றது.

“உன் பக்கத்துக் கட்டில் பையன்” என்றாள் ரித்திகா மெதுவாக. “இன்னும் தூக்கத்துல இந்தி பேசறானா?”

அகரன் நிமிர்ந்தான். “உனக்கெப்படித் தெரியும்?”

“நீ உங்கக்காகிட்டச் சொல்லிட்டிருந்தே. ஸ்பீக்கர் அணையாம இருந்துது.”

அவன் சிரித்துவிட்டான். சிரிப்பு தும்மலானது. ஊருக்குக் கிளம்புவதற்கு முதல்நாள் ராத்திரி அந்தப் பையன் எழுந்து உட்கார்ந்து வார்டனை இந்தியில் திட்டியதை நடித்துக் காட்டினான். ரித்திகா புடவைத் தலைப்பால் அவன் மூக்கைத் துடைக்கப் போனாள்.

“துடைக்காதீங்க!” என்று கத்தினாள் இளநிலா.

காபி குடிக்கும் நேரம் எப்போதோ கடந்திருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. யுகா அடுப்பைப் பற்றவைத்து முதல் தோசையைத் தீய்த்தாள்.

மூன்றாம் நாள் காலை, தொற்றுப்படத்தில் மூன்றாம் வீதி முழுக்கப் பச்சை. இருந்தும் இளநிலா நேரிலேயே போனாள். சமையலறையில் நாலு நாற்காலிகள் போட்டிருந்தன. பிரணவ் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பரிமாறி மூலையில் துணி மூடி நின்றது. நடுவில் போர்வையோடு, சிவந்த மூக்கோடு ரித்திகா.

“எப்படி இருக்குதுங்க?”

“தலை பாரமுங்க. மூக்கு அடைப்பு. தொண்டை எரியுது.” அவள் முகமெல்லாம் சிரிப்பு. “ராத்திரியெல்லாம் மாத்தி மாத்தி உக்காந்து பேசிட்டே இருக்காங்க.”

“கவலைப்படாதீங்க. நாலே நாள்ல சரியாயிரும்.”

ரித்திகாவின் சிரிப்பு கொஞ்சம் நின்றது.

“நாலு நாள்தானுங்களா?” என்றாள்.