தட்டாமல் உதிர்ந்த ஓடு

ஊஞ்சல் உடைந்தபோது அதில் யாரும் ஆடிக்கொண்டிருக்கவில்லை. அந்த மட்டில் நல்லது.

உடைத்தது பெரியப்பா. பள்ளிக்கூடத்துக்காக அம்மா செய்திருந்த ஊஞ்சல் சட்டம் முற்றத்தில் படுத்துக் கிடந்தது. பெரியப்பா கையில் சம்மட்டியோடு அதைச் சுற்றி வந்தார். பக்கத்தில் தலைமை ஆசிரியை நின்றார்.

"பிள்ளைங்க ஆடப்போற சாமான், டீச்சர். சும்மா கண்ணால பார்த்துட்டுப் போகக்கூடாது," என்று சொல்லிவிட்டு, ஒரு மூட்டில் ஓங்கி அடித்தார்.

'டங்' என்று கேட்டிருக்க வேண்டும். 'டக்' என்று கேட்டது. இரண்டு குழாய்களும் சேர்ந்த இடம் வாயைப் பிளந்தது.

"பார்த்தீங்களா? வெல்டிங்கா இது? காக்கா எச்சம்."

அவர் அடித்தது கெட்ட எண்ணத்தில்தான். ஆனால் மூட்டு உடைந்ததும் உண்மைதான்.

தலைமை ஆசிரியை உடைந்த இடத்தைக் குனிந்து பார்த்தார். உள்ளே ரொட்டித்துண்டு போல ஓட்டை ஓட்டையாக இருந்தது.

"சனிக்கிழமை மறுபடியும் வரேன்மா," என்றார் அம்மாவிடம். "அப்பவும் இப்படி இருந்தா வேலையை இவர்கிட்ட கொடுத்துடுவேன். தப்பா நினைக்காதீங்க."

அவர் போனதும் பெரியப்பா சம்மட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார். "உனக்கு எதுக்கும்மா இந்த வெல்டிங் எல்லாம்? மெஷினைக் கொண்டுவந்து என் கொட்டகையில வச்சுடு. வந்து குழாய் தேய், பெயின்ட் அடி. பொண்ணும் கூட இருக்கட்டும், பெருக்கறதுக்கு ஆள் இல்ல."

'பொண்ணு' என்று அவர் சொன்னது மரங்கொத்தியை.

அது அவளுடைய பெயர் இல்லை. பெரியப்பாவின் மகன் வைத்தது. அம்மா இப்போது வைக்கும் வெல்டிங்கின்மேல் கறுப்பாக ஓர் ஓடு படியும். அதைக் கசடு என்பார்கள். அதைக் கூர்ச் சுத்தியலால் கொத்தி எடுத்தால்தான் அடியில் இருக்கும் வெல்டிங் தெரியும். அம்மாவின் வேலையில் கொத்துவது அவள் பங்கு. அப்பாவின் பழைய பாதுகாப்புக் கண்ணாடி அவள் முகத்துக்குப் பெரிது. பின்னால் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தாள். அதை மாட்டிக்கொண்டு டொக் டொக் என்று கொத்துவாள். வீட்டில் பெயர் கொத்தி என்று சுருங்கிவிட்டது.

அப்பா இருந்தவரை கொட்டகை அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. அப்பா இறந்த பிறகு கொட்டகை பெரியப்பாவுடையது. எப்படி என்று கேட்டால், கதவில் தொங்கும் புதுப் பூட்டு அவர் வாங்கியது. வாயு சிலிண்டரும் உள்ளே மாட்டிக்கொண்டது. அம்மாவுக்கு மிஞ்சியது சின்ன மெஷினும், கூரை இல்லாத முற்றமும்.

முற்றத்தில் காற்று. அப்பாவும் அம்மாவும் கொட்டகைக்குள் வெல்டிங் வைத்தது வாயுவை வைத்து. உருகும் இரும்பின் மேல் வெளிக்காற்று படாமல் அந்த வாயு போர்வை போல மூடிக்கொள்ளும். திறந்த வெளியில் காற்று அந்தப் போர்வையை உருவிக்கொண்டு போய்விடும். அதனால் அம்மா வேறு வெல்டிங் கம்பிக்கு மாறியிருந்தாள். பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஆனால் இந்தக் கம்பியின் வயிற்றில் ஒரு தூள் அடைத்திருக்கும். அந்தத் தூள்தான் உருகிப் புகையாகவும் கசடாகவும் மாறி இரும்பை மூடும். காற்று அடித்தாலும் கவலை இல்லை என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

கவலைதான் மிச்சம்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் பெரியப்பாவின் மகன் எல்லார் முன்னாலும் கேட்டான். "ஏய் மரங்கொத்தி, உங்க அம்மா ஊஞ்சல்ல ஆடணும்னா ஹெல்மெட் போட்டுக்கணுமா, இல்ல நேரா ஆம்புலன்ஸையே கீழ நிறுத்திடலாமா?"

எல்லாரும் சிரித்தார்கள். கொத்திக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது. அதுதான் அவளுக்கு அதிகம் எரிந்தது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா துண்டு இரும்புகளில் வெல்டிங் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். துருவைப் பளபளவென்று தேய்த்துவிட்டு வைத்தாள். கரண்டைக் கூட்டினாள், குறைத்தாள். பிளஸ்ஸும் மைனஸும் இந்தக் கம்பிக்கு ஏற்ற மாதிரி மாற்றிப் போட்டிருக்கிறதா என்று மெஷினின் மூடியைத் திறந்து பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வெல்டிங் மட்டும் மேடும் பள்ளமுமாக வந்தது. கசடு இரும்புக்குள் ஒட்டிக்கொண்டு, எவ்வளவு கொத்தியும் வரவில்லை.

"என்னம்மா, இரும்பு கெட்டதா?"

"இரும்பு நல்லாத்தான் இருக்கு. என் கைதான் போச்சு போல," என்றாள் அம்மா.

வெள்ளிக்கிழமை கொத்தி பள்ளி விட்டு வந்தபோது சட்டம் முழுவதும் மறுபடி வெல்டிங் வைத்து முடிந்திருந்தது. எட்டு மூட்டுகள். முதல் மூட்டைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பழைய காக்காவேதான்.

அம்மா ஒரு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். மர அலமாரியில் ஓட்டை அடைக்கும் பட்டி.

"அது எதுக்கும்மா?"

"ஓட்டையை அடைச்சு, தேய்ச்சு, பெயின்ட் அடிச்சா பளிச்சுன்னு இருக்கும்."

"பெரியப்பா சம்மட்டியால அடிப்பாரு."

"தெரியற இடத்துல ஒண்ணை மட்டும் கெட்டியா போட்டிருக்கேன். அதைக் காட்டி அங்கயே அடிக்கச் சொல்றேன்."

கொத்தி டப்பாவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

"அந்த ஊஞ்சல்ல எங்க வகுப்புப் பிள்ளைங்கதானே ஆடப்போகுது."

"எனக்குத் தெரியாதா?" என்று அம்மா சீறினாள். "நாளைக்கு நான் அங்கே போய் அவருக்குக் குழாய் தேய்க்கணும். நீ போய் அவர் கொட்டகையைப் பெருக்கணும். அது தெரியுமா உனக்கு?"

கொத்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "எப்படியும் கசடு எடுத்தாத்தானே பட்டி ஒட்டும்," என்று முணுமுணுத்துவிட்டுச் சுத்தியலை எடுத்தாள்.

அழுகை வரும்போது கொத்துவது வசதி. கண்ணாடிக்குள் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

ஒவ்வொரு மூட்டாகக் கொத்திக்கொண்டு போனாள். கடைசி மூட்டு சுவரை ஒட்டிக் கிடந்தது. அதன் மூன்று பக்கமும் வழக்கம் போலவே அடம் பிடித்தன. நான்காவது பக்கத்தில் சுத்தியல் லேசாகப் பட்டது. அவ்வளவுதான். ஒரு விரல் நீளத்துக்குக் கசடு முழுசாகக் கழன்று, அவித்த முட்டையின் ஓடு போல அவள் கையில் விழுந்தது.

அடியில் வெல்டிங் சீராக, சின்னச் சின்ன அலையாக மின்னியது.

கொத்தி கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"அம்மா, இதை யார் வச்சது?"

"பக்கத்து ஊர் ராஜா. நான்தான், வேற யாரு?"

"இங்க வந்து பாரேன்."

"பட்டி காயுது."

"காயட்டும். வாம்மா."

அம்மா வந்து குனிந்து பார்த்தாள். விரலால் தடவினாள்.

"மத்த மூணு பக்கமும் நீதான் வச்ச. இதுவும் நீதான் வச்ச. அதே கம்பி, அதே மெஷின். இங்க மட்டும் என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணலியே. இங்க சுவர் இடிக்குது. முகக்கவசம் போய் முட்டிச்சு. அதனால..." அம்மா வலது கையைக் காற்றில் நீட்டி, வெல்டிங் வைப்பது போல அசைத்துப் பார்த்தாள். "அதனால அந்தப் பக்கம் போக முடியல. சுவர்கிட்ட ஆரம்பிச்சு என் பக்கம் இழுத்துக்கிட்டே வந்தேன்."

"மத்த இடத்துல?"

"எப்பவும் போலத்தான். முன்னால தள்ளிக்கிட்டே போறது. உங்க அப்பா அப்படித்தான், நானும் அப்படித்தான். வாயுவுல வச்சா அப்படித்தான் அழகா வரும்."

"இது வாயு இல்லியே."

அம்மா அவளை ஒரு மாதிரி பார்த்தாள்.

"வீடு துடைக்கும்போது பின்னால பின்னாலதானே வருவோம்," என்றாள் கொத்தி. "முன்னால தள்ளிக்கிட்டே போனா, துடைச்ச ஈரத்தை நாமளே மிதிப்போம்ல. அந்த மாதிரி ஏதாவது இருக்குமோ?"

அம்மா எழுந்து போய் மெஷினைப் போட்டாள். "உள்ளே போ. கதவைச் சாத்திக்கோ. நான் கூப்பிடற வரைக்கும் இந்தப் பக்கம் பார்க்காதே."

இரண்டு துண்டுகளில் வெல்டிங் வைத்துவிட்டுக் கூப்பிட்டாள். ஒன்று தள்ளியது, ஒன்று இழுத்தது. கொத்தி சூடு ஆறும்வரை காத்திருந்து இரண்டையும் கொத்தினாள். தள்ளியது அடம் பிடித்தது. இழுத்தது கசட்டைத் தானாகவே உதறியது.

அம்மா, தள்ளி வெல்டிங் வைத்த துண்டைப் பிடிப்புக் கருவியில் இறுக்கிச் சுத்தியலால் அடித்தாள். பிளந்தது. இழுத்து வைத்ததை அடித்தாள். இரும்பு வளைந்தது. வெல்டிங் அசையவில்லை.

"தள்ளினா கசடு எனக்கு முன்னால ஓடுது," என்றாள் அம்மா மெதுவாக. "அது மேலயே நான் இரும்பை ஊத்திக்கிட்டு இருந்திருக்கேன். இழுத்தா அது பின்னாலயே தங்கி, மூடிக்குது. இத்தனை வருஷமா பழகின கை. அதுக்கு வேற வேலைன்னு நான் சொல்லவே இல்ல."

"அப்ப பட்டி?"

அம்மா டப்பாவைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். உள்ளே அது காய்ந்துதான் போயிருந்தது.

எட்டு மூட்டுகளையும் தேய்த்து எடுப்பது வைத்ததைவிடப் பெரிய பாடு. இருட்டும்வரை தேய்த்தாள். விடிந்ததும் வெல்டிங் வைத்தாள். கம்பியின் நுனி முன்பைவிடக் கொஞ்சம் நீளமாக வெளியே நீட்டியிருந்தால் இன்னும் நன்றாக வருகிறது என்று கண்டுபிடித்தாள். கொத்தி கம்பி பிரஷ்ஷால் ஒவ்வொரு மூட்டையும் துலக்கினாள்.

"பெயின்ட் அடிச்சுடவா?" என்று கேட்டாள் அம்மா.

"வேண்டாம்மா. அடிச்சா மறைச்சுட்டோம்னு சொல்லுவாரு."

தலைமை ஆசிரியை வந்தார். பெரியப்பாவும் வந்தார், யாரும் கூப்பிடாமலே. சம்மட்டியும் வந்தது.

போன முறை உடைந்த மூட்டிலேயே ஓங்கி அடித்தார்.

டங்.

இன்னொரு முறை அடித்தார். டங் என்றது. சம்மட்டி எகிறியது. பெரியப்பா மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார்.

"ம். பரவால்ல," என்றார். பிறகு தலைமை ஆசிரியை பக்கம் திரும்பினார். "எங்க குடும்பத்துக் கை, டீச்சர். என் தம்பி சொல்லிக்கொடுத்தது. நானும் அப்பப்ப வந்து இதைப் பாரு, அதைப் பாருன்னு சொல்லிக்கிட்டேதான் இருப்பேன்."

தலைமை ஆசிரியை அவரைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க இருக்கறது இவங்களுக்குப் பெரிய துணை."

அம்மா தரையைப் பார்த்தாள். கொத்திக்கு உண்மை நாக்கு வரை வந்தது. சொன்னால் அழுதுவிடுவாள் போல இருந்தது. அதனால் வேறு ஒன்று சொன்னாள்.

"பெரியப்பா, இன்னும் ஏழு மூட்டு இருக்கு."

"என்னது?"

"பிள்ளைங்க ஆடப்போற சாமான். சும்மா கண்ணால பார்த்துட்டுப் போகக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"ஆமா, அதுவும் சரிதான்," என்றார் தலைமை ஆசிரியை. "எல்லாத்தையும் பார்த்துடுங்க சார்."

பெரியப்பா அடித்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. டங். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. டங். கொத்தி ஒவ்வொரு மூட்டாகக் கையால் காட்டிக்கொண்டே வந்தாள், கல்யாண வீட்டுக்கு வருபவர்களை உட்கார வைப்பது போல. "இது பெரியப்பா. அப்புறம் இது. அதுக்கு அடியில ஒண்ணு இருக்கு, கொஞ்சம் குனியணும்."

கடைசி மூட்டில் சம்மட்டியின் தலை காம்பிலிருந்து கழன்று சாக்கடைப் பக்கம் உருண்டது. மூட்டு அப்படியே இருந்தது.

"போதும் சார்," என்றார் தலைமை ஆசிரியை. "திங்கட்கிழமை கொண்டுவந்து மாட்டிடுங்கம்மா."

திங்கட்கிழமை மாட்டினார்கள். முதல் ஆளாக ஓடிப்போய் ஏறியவன் பெரியப்பாவின் மகன். ஹெல்மெட் போட்டிருக்கவில்லை. மணி அடிக்கும்வரை இறங்கவும் இல்லை. கொத்தி வரிசையில் நின்று, முறை வராமலே வகுப்புக்குப் போனாள். யாரும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது மேல் மூட்டை மட்டும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அசையாமல் இருந்தது.

கொட்டகை திரும்பக் கிடைக்கவில்லை. பூட்டு அப்படியே தொங்கியது. தம்பி மனைவிக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் என்று பெரியப்பாவுக்குத் தெருவில் நல்ல பெயர் வந்தது.

அன்று சாயங்காலமும் முற்றத்தில் காற்று அடித்தது. அம்மா முகக்கவசத்தை இறக்கினாள். இப்போது வேலை வேறு யார் வீட்டுக்கோ ஓர் இரும்பு கேட். கொத்தி கதவுக்குப் பின்னால் சுத்தியலோடு காத்திருந்தாள்.

"வா," என்று அம்மா கூப்பிட்டாள்.

கொத்தி வந்து குனிந்தாள். சுத்தியலை ஓங்கினாள். அதற்குள் ஓடு தானாக விரிசல் விட்டு, முழுசாகக் கழன்று கீழே விழுந்தது.

"போச்சு," என்றாள் அம்மா. "உன் வேலை போச்சு."

கொத்தி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டாள். "அடுத்ததை வை, பார்க்கலாம்," என்றாள்.