வெள்ளைத் துணிக்குப் பின்னால் சுலோசனா

மைசூர் யாதவகிரியில் இருந்த அந்தப் பழைய வீட்டின் பெயர்ப்பலகையில் பெயர் ஒரு விரற்கடை, பட்டங்கள் ஒரு முழம். மல்லப்பன், என்ஜினீயர், ஓய்வு. அந்த 'ஓய்வு' மட்டும் சின்ன எழுத்தில், யார் கண்ணிலும் பட வேண்டாம் என்பதுபோல.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம், ஜூன் மாதத்து நசநச மழை. நான் மண்டி மொகல்லாவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் கல்யாண வீடியோக்காரன். படமும் வீடியோவும் எடிட் செய்ய, பெரிய திரையுள்ள பழைய லேப்டாப் ஒன்று விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். துணைக்கு உமேஷ், கம்ப்யூட்டர் சென்டரில் வாத்தியார். "நல்ல மிஷின்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஏழு இங்கிலீஷ் வார்த்தை சொல்லுவார்.

மல்லப்பன் அதை ஒரு பட்டுத்துணியில் சுற்றி எடுத்து வந்தார், உற்சவ மூர்த்தியைக் கொண்டுவருவதுபோல.

"பதினஞ்சு இஞ்சுத் திரை. மைசூர்லயே இதும் மாதிரி நாலுதான் இருக்கும். எம் பையனோட அமெரிக்காச் சாமானுங்க. இங்கத்திக் கரண்டே இதுக்கு ஒத்துக்காது."

"எங்களுக்கே ஒத்துக்கலைங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. உமேஷ் வேலையை ஆரம்பித்தார். திரையைத் திறந்து மூடி, கீல் ஆடுகிறதா என்று பார்த்தார். முழுக்க வெள்ளை, முழுக்கக் கறுப்பு என்று போட்டுச் செத்த புள்ளிகளைத் தேடினார். அடிப்பாகத்தில் காதை வைத்துக் கேட்டார். கடைசியில் ஒயரைப் பிடுங்கினார். பட்டென்று அணைந்தது.

"பேட்டரி சுத்தமா செத்திருக்கு வேலு சார். ஒயர் இல்லாம ஒரு நிமிஷம்கூட நிக்காது. மத்தபடி கலர் பாருங்க. ஸ்டூடியோ மானிட்டர் தோத்துது."

"இவ்ளோ ஒசத்திச் சாமானை ஏன் சார் விக்கறீங்க?" என்று மல்லப்பனைக் கேட்டேன். குரலில் கொஞ்சம் ஊசி இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். "நாளைக்குப் பையன் வந்து எங்கேன்னு கேட்டா?"

அவர் பட்டுத்துணியை மடித்தார். மறுபடி பிரித்தார். மறுபடி மடித்தார்.

"சுரேந்தர் வர மாட்டான். அங்க ரோட்டுல ஆக்சிடென்ட். சாமானுங்க மட்டுந்தான் வந்துச்சு."

ஊதிய பலூன்களைக் குத்துவது எனக்கு ஆயுசுக்கும் பொழுதுபோக்கு. காற்று போகும், நாலு பேர் சிரிப்பார்கள். அன்றைக்கு நான் குத்தியது பலூன் இல்லை.

பேசி முடித்து வெளியே வந்தபோது, கேட்டருகே அவர் மனைவி நாச்சம்மாள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் நின்றிருந்தார்.

"ஏனுங், கல்யாண வீடியோ போட்டுக்கோங்க. அடுத்தவுங்க ஊட்டுது எது வேணாப் போடுங்க." குரல் கிசுகிசுப்பாய் இறங்கியது. "உங்கூட்டு ஆளுங்க படத்தை மட்டும் இதுக்குள்ள போட்றாதீங்க. இவரு நாலு மாசம் சோறு எறங்காம இதும் முன்னால உக்காந்திருந்தாரு. வித்தாத்தான் எந்திரிப்பாருன்னு நாந்தான் விக்கச் சொன்னேன்."

தலையை ஆட்டினேன். என் வீட்டு ஆளின் படத்தைப் போடுவதற்காகத்தான் அதை வாங்கியிருந்தேன்.

*

வீடியோ எடுக்கப் போகும்முன் கேமராவுக்கு 'இதுதான் வெள்ளை' என்று ஒரு தடவை காட்டிக்கொடுக்க வேண்டும். காட்டாவிட்டால் மாப்பிள்ளை மஞ்சள்காமாலைக்காரன் மாதிரி வருவான். மற்றவர்கள் மண்டபத்துக்குப் போய் யாருடைய வேட்டியையாவது காட்டுவார்கள். எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. கல்யாணத்துக்கு வருகிற வேட்டிகளில் எதுவும் நிஜமான வெள்ளை இல்லை என்பது என் கட்சி. வீட்டிலேயே, சமையல்கட்டு ஜன்னல் வெளிச்சத்தில், என் மனைவி சுலோசனா ஒரு வெள்ளைத் துண்டை இரண்டு கையாலும் முகத்துக்கு முன்னால் விரித்துப் பிடிப்பாள். நான் கேமராவை ஓடவிட்டுப் பட்டனை அழுத்துவேன். நாலு விநாடி. ஸ்டாப். டேப் வீணாகக் கூடாது பாருங்கள்.

பதினாறு வருஷம் இப்படி. ஊரில் உள்ள மணப்பெண்களின் மூக்குத்தி வரைக்கும் குளோசப் எடுத்தவன் நான். அந்த வருஷம் மார்ச்சில் சுலோசனா மாரடைப்பில் போனாள். மாலை போட ஒரு படம் தேடியபோதுதான் தெரிந்தது. எங்கள் கல்யாணப் போட்டோவில் அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வேறு படம் இல்லை. ஏதோ அட்டையில் ஒட்டியிருந்த ஸ்டாம்பு சைஸ் முகத்தைப் பெரிதாக்கி மாட்டினேன். அது சுலோசனாவா எதிர்வீட்டு மாதம்மாவா என்று அவள் தம்பிக்கே சந்தேகம் வந்தது.

வீடியோவில்? பரணில் அழிக்காமல் மிஞ்சிய கேசட் ஒன்பது. ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் நாலு விநாடி வெள்ளைத் துண்டு, இரண்டு ஓரத்திலும் அவள் விரல்கள், ஒரு குரல். பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் அவள் விட்டுப்போனது மொத்தம் முப்பத்தாறு விநாடி.

நான் ஸ்டாப்பை அழுத்துவதற்கும் அவள் துண்டை இறக்குவதற்கும் நடுவே, எங்காவது ஒரே ஒரு படத்தில் அவள் முகம் விழுந்திருக்காதா? வீடியோ டெக்கில் போட்டு நிறுத்தினால் திரை நடுங்குகிறது, கோடு ஓடுகிறது. கம்ப்யூட்டரில் இறக்கினால் ஒவ்வொரு படமாய் நகர்த்திப் பார்க்கலாம், பெரிய திரையில் முகத்தை வெட்டி எடுக்கலாம் என்று உமேஷ் சொன்னார்.

எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு முகம்தான்.

*

பேய்க்கதை என்றால் நடுராத்திரி வர வேண்டும் என்பது மரபு. மைசூரில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் ஒழுங்காக இருக்கும் நேரம் பகல் பதினொரு மணி. ஸ்டூடியோ மிக்ஸிங் ரூமின் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டிருப்பேன், ஆகவே இருட்டுக்குக் குறைவில்லை. ஒரு நீள பெஞ்சு, அதன்மேல் தேங்காய்நார் மெத்தை. எதிரே அந்த லேப்டாப்.

எட்டு கேசட்டில் ஒன்றும் இல்லை. ஒன்பதாவது, அவள் சாவதற்கு மூன்று வாரத்துக்கு முந்தையது. ஒரு கான்ட்ராக்டர் வீட்டுக் கிரகப்பிரவேசம்.

என் குரல்: "இடப்பக்கம் தொங்குது பாரு. தூக்கு. ஆங்... அப்படியே நில்லு."

அவள் குரல்: "ரீ, ஆயித்தா?"

கன்னட வீடுகளில் புருஷனைக் கூப்பிடுவதுபோல அவளும் என்னை 'ரீ' என்றுதான் கூப்பிடுவாள். ஆயித்தா என்றால் ஆச்சா. கேள்வி முடிந்ததும் படமும் முடிந்தது. விநாடிக்கு இருபத்தைந்து வீதம் நூறு படம். நூறாவதிலும் துண்டு இறங்கவில்லை.

மறுநாள் இன்னொரு தடவை போட்டேன். நூற்று நாலு இருந்தது.

உமேஷுக்குப் போன் செய்தேன். "ஃப்ரேம் ரேட் மிஸ்மேட்ச் சார், பயப்படாதீங்க" என்றார். ஒன்றுக்குப் பெயர் வைத்துவிட்டால் அது வாலைச் சுருட்டிக்கொள்ளும் என்று நம்புகிற சாதி. நான் கேசட்டை டெக்கில் போட்டுப் பார்த்தேன். கேசட்டில் அதே நாலு விநாடிதான்.

லேப்டாப்பில், அதிகமான அந்த நாலு படத்தில், துண்டின் இடப்பக்கம் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.

மூன்றாம் நாள் நூற்று இருபது. வகிடு தெரிந்தது.

அறையில் ஈர வாசனை வந்தது. துணிக்குப் போடும் நீலமும் சாதக் கஞ்சியும் கலந்த வாசனை. 'நீலம் போடாதே, கலர் மாறுது' என்று அவளைப் பதினாறு வருஷம் திட்டியிருக்கிறேன். அவள் போட்டுக்கொண்டே இருந்தாள்.

சொல்ல வெட்கம்தான். பயத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகமாக இருந்தது. நாள் ஒன்றுக்கு ஒரு விரற்கடை என்றால் முழு முகத்துக்கு எத்தனை நாள் என்று கணக்குப் போட்டேன். சோறு தொண்டையில் இறங்கவில்லை. கான்ட்ராக்டர்களுக்கும் கல்யாணக்காரர்களுக்கும் 'நாளைக்கு, நாளைக்கு' என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

ஆறாம் நாள் நெற்றி வந்தது. பொட்டு வந்தது.

ஏழாம் நாள், பதினொன்றேகால். ஒவ்வொரு படமாக நகர்த்திக்கொண்டிருந்தேன்.

கரண்ட் போனது.

ஃபேன் முனகி நின்றது. டெக்கின் சிவப்பு விளக்கு அணைந்தது. தெருவில் யாரோ மின்சார இலாகாவின் குடும்பத்தை விசாரித்தார்கள்.

லேப்டாப் அணையவில்லை.

ஒரு நிமிஷம் பார்த்தேன். இரண்டு நிமிஷம் பார்த்தேன். நான் பட்டனைத் தொடவே இல்லை. படம் தானாக நகர்ந்தது. வெள்ளைத் துண்டு மெல்ல மெல்ல, தாங்கமாட்டாமல் இறங்குவதுபோல் இறங்கியது. இரண்டு புருவங்கள் தெரிந்தன.

"ரீ... ஆயித்தா?"

கேசட்டில் இருந்த குரல் இல்லை. மூச்சு வாங்கும் குரல்.

இன்னும் ஒரு விரற்கடை. கண்கள் வந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு திரையருகே குனிந்தேன். பதினைந்து அங்குலத் திரையில் அவள் விரல்கள் என் விரல்கள் அளவு இருந்தன.

இடக்கை விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

நகங்கள் வெளுத்திருந்தன.

அப்போதுதான் உறைத்தது. துண்டு தானாக இறங்கவில்லை. கை ஓய்ந்து இறங்குகிறது. அந்தக் கிரகப்பிரவேச நாளில் அவள் சொல்லியிருந்தாள், "இடக்கை ஒரு மாதிரி வலிக்குது ரீ, தோள்லேந்து இழுக்குது" என்று. "ஒரு துண்டு அவ்ளோ கனமா? பெரிய மைசூர் மகாராணி" என்று கேலி செய்தேன். அவளும் சிரித்தாள். பிறகு கேமராவுக்குள் பார்த்தபோது இடப்பக்கம் தொங்குவது தெரிந்தது. தெரியாமல் போகுமா, தொழில்காரன் ஆயிற்றே. தூக்கு என்றேன். அப்படியே நில்லு என்றேன்.

அப்படியே நிற்கிறாள்.

நான் ஸ்டாப்பை அழுத்திவிட்டு மூட்டை முடிச்சோடு மண்டபத்துக்குப் போய்விடுவேன். ஆச்சு என்று ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றியதில்லை.

"ரீ..."

இன்னும் இரண்டு படம் பொறுத்தால் போதும். இரண்டே படம். வாயைத் திறக்காமல் இருந்தால் அவள் கண் கிடைக்கும். ஊர்ப் பெரிய மனுஷர்களின் சின்னத்தனத்தையெல்லாம் ஆயுசு முழுக்க வேடிக்கை பார்த்தவன், கைவலியோடு நிற்கும் பெண்டாட்டியை இன்னும் இரண்டு படம் நிற்கவைக்கலாமா என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

யோசித்தேன். அதை மறைக்கவில்லை.

துண்டு இன்னும் கொஞ்சம் நடுங்கியது.

"ஆயித்து" என்றேன். மறுபடி சொன்னேன். "ஆயித்து சுலோ. இறக்கு. கையைக் கீழ போடு. போதும்மா."

விரல்கள் பிரிந்தன. துண்டு விழுந்தது.

பின்னால் ஜன்னல் வெளிச்சம் இருந்தது. சுவர் இருந்தது. கழுவிக் கவிழ்த்த பாத்திரம் இருந்தது.

அவள் இல்லை.

எவ்வளவு நேரம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேனோ தெரியாது. கரண்ட் வந்ததும் லேப்டாப் மற்ற எல்லா மிஷினையும் போல ஒரு தடவை அணைந்து திரும்ப எரிந்தது. கோப்பில் நூறே படம். துண்டு தூக்கியபடி. ஃபேன் சுற்ற ஆரம்பித்தது.

நீல வாசனை போகவில்லை.

என் முதுகுக்குப் பின்னால், பெஞ்சுக்கும் கதவுக்கும் நடுவே, இரண்டு அடி தூரத்தில்:

"தள்ளி உக்காருங்க ரீ. எப்படி வந்திருக்குன்னு நானும் பாக்கறேன்."

பதினாறு வருஷத்தில் ஒரு தடவைகூட அவளுக்குப் போட்டுக்காட்டியதில்லை. வெள்ளைத் துண்டில் பார்க்க என்ன இருக்கிறது என்பது என் எண்ணம்.

நான் திரும்பவில்லை. பயத்தினாலா என்றால், இல்லை. திரும்பினால் அங்கே யாரும் இருக்கமாட்டார்களே என்றுதான். மெல்ல நகர்ந்து பெஞ்சின் ஓரத்துக்குப் போனேன்.

மறுமுனையில் தேங்காய்நார் மெத்தை கரகரவென்று அழுந்தியது.

முதல் படத்திலிருந்து போட்டேன். நாலு விநாடி. வெள்ளைத் துண்டு, பத்து விரல், என் அதட்டல், அவள் கேள்வி. முடிந்தது.

பக்கத்திலிருந்து, குறைசொல்லும் குரலில் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவள் குரலில்:

"இதுல நான் எங்க ரீ இருக்கேன்?"

அடுத்த கேசட்டைப் போட்டேன். அதற்கும் அதையே கேட்டாள். ஒன்பதையும் போட்டேன்.

தினமும் பதினொரு மணிக்குப் போடுகிறேன். மெத்தையின் அந்த முனை இன்னும் நிமிரவில்லை.