உட்கார்ந்த அணிவகுப்பு

குண்டூசி என்ற சிறுமியின் வீட்டில் எல்லாரும் பட்டாளத்துக்காரர்கள். தெரு நாய்கூட அந்த வாசலைத் தாண்டும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போகும். பெரியப்பா தும்மினால் மூன்று தெரு தள்ளி இருப்பவர்கள் எழுந்து நின்று சல்யூட் அடிப்பார்கள்.

இவ்வளவுக்கும் காரணம் கொள்ளுத்தாத்தா. போரில் அவர் துப்பாக்கி பிடிக்கவில்லை, ஸ்ட்ரெச்சர் பிடித்தார். குண்டு மழைக்கு நடுவே ஓடி, அடிபட்டு விழுந்தவர்களைச் சுமந்து வந்தார். எத்தனை பேரை? பெரியப்பா சொன்னால் நாற்பது. அத்தை சொன்னால் நானூறு. கடைசியாக ஒருவரைத் தூக்கப் போனவர் திரும்பி வரவில்லை. அதில் மட்டும் யாரும் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்வதில்லை.

ஆண்டுதோறும் அவர் மறைந்த நாளில் எல்லாரும் கூடத்தில் விறைப்பாக வரிசையில் நிற்பார்கள். பெரியப்பா ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிடுவார். கடைசியில் கொள்ளுத்தாத்தாவின் பெயர். வீட்டில் யார் கடைசியாகப் பட்டாளத்திலிருந்து திரும்பினாரோ, அவர்தான் அதற்கு "உள்ளேன் ஐயா!" சொல்ல வேண்டும். ஒரு வருஷம்கூட அந்தப் பெயர் பதிலில்லாமல் போனதில்லை.

இந்த வருஷம் சொல்ல வேண்டியவர் குண்டூசியின் அப்பா. எல்லையில் அவர் ஒரு காலை இழந்துவிட்டுத் திரும்பியிருந்தார்.

"நான் வரலைம்மா," என்றார் அப்பா. சக்கர நாற்காலி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது.

"உக்காந்துக்கிட்டே சொல்லுங்களேன்ப்பா."

"எல்லாரும் நிக்கும்போது நான் மட்டுமா? வேணாம் கண்ணு. நீ போ."

குண்டூசி கூடத்துக்குப் போனாள். பெரியப்பா, அத்தை, அம்மா மூவரும் ஆணி அடித்தாற்போல் நின்றார்கள்.

"குண்டூசி!" என்றார் பெரியப்பா. மேலே மின்விசிறி ஒரு கணம் நின்றுவிட்டுச் சுற்றியது.

அவள் தொப்பென்று தரையில் உட்கார்ந்தாள். "உள்ளேன் ஐயா!"

"எந்திரி! இதென்ன அணிவகுப்பா, சினிமாக் கொட்டகையா?"

"பெரியப்பா, கொள்ளுத்தாத்தா யாரைத் தூக்கிட்டு வந்தாரு?"

"அடிபட்டவங்கள."

"அவங்கல்லாம் நின்னுக்கிட்டா இருந்தாங்க?"

"விழுந்து கிடந்தாங்க."

"எந்திரிச்சு நின்னாத்தான் தூக்குவேன்னு அவரு சொல்லலையே?"

புயலுக்கே அசையாத பெரியப்பாவின் மீசை லேசாக நடுங்கியது. ராணுவ மருத்துவமனையில் நர்ஸாக இருந்த அத்தை, "தள்ளிக்கோடி," என்று பக்கத்தில் உட்கார்ந்தார். அடுத்து அம்மா. கடைசியாகப் பெரியப்பா உட்கார்ந்தார். அவருடைய முழங்கால்கள் இரண்டு பீரங்கிகள்போல வெடித்தன. யாரும் சிரிக்கவில்லை.

பெரியப்பா கொள்ளுத்தாத்தாவின் பெயரைச் சொன்னார். கத்தவில்லை. பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடுவதுபோல் சொன்னார்.

பதில் வரவில்லை. குண்டூசி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. அப்பா கூடத்து வாசலுக்கு வந்து, தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார்.

"வாடா தம்பி," என்றார் அத்தை, கண்ணைத் துடைத்தபடி. "இப்போ வரிசையிலேயே உசரமான ஆளு நீதான்."

அப்பா மகளுக்குப் பக்கத்தில் நாற்காலியை நிறுத்தினார். முதுகை நிமிர்த்தினார்.

"உள்ளேன் ஐயா!"

அணிவகுப்பு முடிந்தது. ஆனால் முழங்கால் பிடித்துக்கொண்டதால் பெரியப்பாவால் எழ முடியவில்லை. நாற்காலியிலிருந்து குனிந்து, இரண்டு கைகளாலும் அவரைத் தூக்கிவிட்டவர் அப்பாதான்.