மூன்றாம் எண் ஜாடி

1966. ஜூலை மாதத்து ஒரு சனிக்கிழமை. காலை மணி 8:10.

ஜாடியின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்த டாக்டர் சுந்தரம், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். உள்ளே தொங்கியது மனித மூளை அல்ல. காலிபிளவர்.

தேக்கா பாசாரில் காய்கறிக்காரர்கள் குவித்து வைத்திருப்பார்களே, அதேதான். இலையைக் கிள்ளி, தண்டைச் செதுக்கி, வெள்ளை நூலில் கட்டி, பார்மலின் நீருக்குள் பாங்காய்த் தொங்கவிட்டிருந்தார்கள். எட்டு வருட ஆராய்ச்சி ஒரு கூட்டுக்கறிக்குக்கூட ஆகாத காயாக மாறியிருந்தது.

மணி 8:25.

தொலைபேசி ஒலித்தபோது இன்ஸ்பெக்டர் தங்கராஜு சீருடை போட்டு முடித்திருந்தார். எதிரே நின்ற அவர் மனைவி மங்களம், "சார், எங்க வீட்டுக்காரர் குளிக்கிறாரு. உக்காருங்க" என்றாள்.

அவர் தொப்பியைக் கழற்றினார். அவள் முகத்தில் மெல்லத் தெளிவு வந்தது. "நீங்கதானா?" என்று கூச்சத்தோடு சிரித்தாள்.

ஆறு மாதமாக இந்தக் கூத்துதான். சீருடையில் இருந்தால் அவர் யாரோ ஒரு போலீஸ்காரர்; தொப்பியைக் கழற்றினால் கணவர். அவளுக்கு வயது நாற்பத்தாறு. மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிற நோய் என்றார் டாக்டர் சுந்தரம். மருந்து கிடையாது. ஆனால் சிங்கப்பூர், இங்கிலாந்து, ஜப்பான் மூன்று நாட்டு ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து வேலை செய்ய ஓர் ஐரோப்பிய அறக்கட்டளை நிதி தர யோசிக்கிறது. நிதி வந்தால் இங்கே பத்துப் படுக்கை, புது மருந்துச் சோதனை. முதல் படுக்கை மங்களத்துக்கு என்று டாக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த ஒரு வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் தங்கராஜு உயிரோடு நடமாடிக்கொண்டிருந்தார்.

அறக்கட்டளையின் பிரதிநிதி அம்மாள் இன்று பதினோரு மணிக்கு வருகிறார். வந்து பார்க்கப்போவது மூன்று ஜாடிகளை. அதில் ஒன்றில் மூளை இல்லை என்றுதான் டாக்டர் தொலைபேசியில் பதறினார்.

மணி 8:50.

மருத்துவமனையின் பின்கட்டில் இருந்தது ஆய்வுக்கூடம். ஒரே கதவு, கம்பி போட்ட ஒரே ஜன்னல். பூட்டு உடையவில்லை.

"சாவி?"

"ஒண்ணே ஒண்ணு. என் இடுப்புலதான் இருக்கு" என்றார் டாக்டர். "நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு நானே பூட்டினேன். அப்ப மூணு ஜாடியும் இருந்துச்சு."

"மூடியைத் திறந்து பாத்தீங்களா?"

"இல்ல. வாசல்ல இருந்து பாத்தேன். வெள்ளையா மூணு தெரிஞ்சது."

ராத்திரி முழுக்கக் கதவை ஒட்டிக் கட்டில் போட்டுப் படுத்திருந்த காவல்கார ஜாகா, ஈகூட நுழையவில்லை என்று சத்தியம் செய்தார். காவலாளிகள் எல்லாருமே அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் கட்டில் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தது.

தங்கராஜு அறையைச் சுற்றி வந்தார். மேசைமேல் பிரதிநிதிக்காகத் தட்டச்சு செய்த பட்டியல் கிடந்தது. ஒன்று, ஒரு சீனர், பாலஸ்டியர் சாலை. இரண்டு, மாரிமுத்து, வயது 70, சிராங்கூன் சாலை. மூன்று, ஆமினா பீவி, வயது 64, ஜாலான் புசார்.

"இந்தப் பேரெல்லாம் எல்லாருக்கும் தெரியுமா?"

"இங்க எல்லாமே நம்பர்தான். பேர் என் பீரோவுல இருக்கும். அந்தம்மா கேட்டாங்கன்னு வியாழக்கிழமைதான் டைப் அடிச்சேன்."

பட்டியலுக்கு அடியில் மூன்று சம்மதப் படிவங்கள். குடும்பத்தார் எழுத்தில் சம்மதிக்காமல் எடுத்த எந்த மூளைக்கும் அறக்கட்டளை ஒரு காசு தராது. அது அவர்களுடைய முதல் விதி. மூன்று படிவத்திலும் மகனின் கைநாட்டு நீலமாகப் பதிந்திருந்தது. எல்லாம் ஒழுங்காக இருக்கிறதே என்று தங்கராஜு நிம்மதியோடு அவற்றைத் திருப்பி வைத்தார்.

மூலையில் ஒரு தொட்டி. அதனருகே கவிழ்த்து வைத்த எனாமல் பேசின். நிமிர்த்தினார். விளிம்பில் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. முகர்ந்தால் கற்பூரம். உள்ளும் புறமும் விரலால் தேய்த்துப் பார்த்தார். கரி இல்லை. பேசினுக்குப் பக்கத்தில் நாலைந்து பருத்தி இழைகள். துணியைக் கையால் கிழித்தால் உதிருமே, அந்த மாதிரி. மேசைமேல் இரண்டு கத்தரிக்கோல் பளபளத்தன.

"கற்பூரம்!" டாக்டர் துள்ளினார். "அப்ப அவன்தான். கோவிந்தசாமி! ரெண்டாம் நம்பரோட மகன். பூசைச் சாமான் கடை. கைநாட்டு வச்சுக் குடுத்துட்டு, இப்ப அப்பா தலையத் திருப்பிக் குடுன்னு மாசாமாசம் சண்டை. நேத்து காலைலயும் வந்தான். எனக்கு போன் வந்து நான் வெளிய போனப்ப பத்து நிமிஷம் இங்க தனியா நின்னான். அவசரத்துல ஜாடி மாத்தி எடுத்திருப்பான்."

ஆய்வுக்கூட உதவியாளர் நெய்னா முகம்மது கதவோரம் நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, வெள்ளைத் தொப்பி.

"நெய்னா பாய், எத்தனை வருஷமா இங்க வேலை?"

"எட்டு வருஷம் சார்."

"ஜாடிக்குத் தண்ணி மாத்துறது?"

"நான்தான். வெள்ளிக்கிழமை தோறும். நேத்தும் மாத்தினேன். எழுதியும் வச்சிருக்கேன்."

"வீடு?"

"ஜாலான் புசார். ஒண்டிக்கட்டை சார், கூடப் பொறந்தவங்களும் இல்ல. உம்மாவும் போன வருஷம் இங்க வார்டுலயே மவுத்தாயிட்டாங்க."

மணி 9:40.

சிராங்கூன் சாலையில் கோவிந்தசாமியின் கடை ஊதுவத்தி வாசனையில் மூழ்கிக் கிடந்தது. சீருடையைக் கண்டதும் அவன் தராசைக் கீழே வைத்தான்.

"நேத்து ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?"

"போனேன். கத்தினேன். வந்துட்டேன்லா. என்ன கேஸு?"

"ஒரு ஜாடி காலி."

அவன் முகம் வெளுத்தது. "ரெண்டாம் நம்பரா?"

"மூணாம் நம்பர்."

கோவிந்தசாமி பெருமூச்சு விட்டான். "அப்ப என்கிட்ட ஏன் சார் வர்றீங்க? எங்கப்பா நம்பர் ரெண்டு. சாமி கும்புடறப்பகூட அந்த நம்பர்தான் கண்ணு முன்னால நிக்குது. எடுக்குறதுன்னா மாத்தியா எடுப்பேன்?"

"அங்க கற்பூரம் கிடந்துச்சு."

"எரிஞ்சதா?"

"இல்ல. பேசின்ல, தண்ணியில கரைச்ச மாதிரி."

"நாங்க கற்பூரத்தைக் கொளுத்துவோம் சார்" என்றான் கோவிந்தசாமி எரிச்சலோடு. "தண்ணியிலயா போடுவோம்?"

தங்கராஜு அங்கேயே நின்றுவிட்டார். மூன்று வருடத்துக்கு முன் பக்கத்து வீட்டு முகைதீன் இறந்தபோது அவரும் வாசலில் நின்றவர்தான். உள்ளே குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர்கள் கடைசித் தண்ணீருக்குக் கற்பூரம் போதவில்லை என்று ஆள் அனுப்பினார்கள். வாங்கி வந்து கொடுத்தவரே தங்கராஜு.

மணி 10:30.

ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பியதும் அவர் கேட்டது ஒரே பொருள்: தண்ணீர் மாற்றும் பதிவேடு.

எட்டு வருடப் பதிவேடு. வெள்ளிதோறும் ஜாடி எண்கள், ஒரு வருடமாக மூன்று, எதிரே நேரம், நெய்னா முகம்மதுவின் கையெழுத்து. பள்ளிக்கூட வாத்தியார் பார்த்தால் மெச்சுகிற முத்து முத்தான எழுத்து. நேற்றைய வரிக்கு வந்தார். எண் ஒன்று, 11:40. எண் இரண்டு, 11:55. எண் மூன்று என்ற இடத்துக்கு எதிரே வெறுமை.

தங்கராஜு பதிவேட்டை மூடினார். அரை மணி நேரம் மிச்சம். மூளை திரும்பி வரும், நிதி வரும், மங்களத்துக்குப் படுக்கை கிடைக்கும். ஆறு மாதத்தில் முதல் முறையாக அவர் நெஞ்சு லேசானது.

மணி 11:05.

பிரதிநிதி டாக்டர் இங்க்ரித் உயரமான, நரைத்த பெண்மணி. விஷயத்தை மறைக்க முடியவில்லை. விசாரணையின் பாதியில் வந்து நின்றவரிடம், "இன்னும் ஐந்து நிமிடத்தில் மூளை எங்கே என்று சொல்கிறேன்" என்று ஆங்கிலத்தில் வாக்குக் கொடுத்தார் தங்கராஜு. கொஞ்சம் பெருமையாகவே கொடுத்தார். பிறகு நெய்னா முகம்மதுவின் பக்கம் திரும்பினார்.

"பாய், உங்க உம்மா பேர் என்ன?"

நெய்னா தலை குனிந்தார். "ஆமினா பீவி."

தங்கராஜு தமிழிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி விளக்கினார்.

"ராத்திரி இங்க யாரும் வரல. ஜாகா சொன்னது நிஜம். டாக்டர் அஞ்சு மணிக்குப் பூட்டினப்பவே உள்ள காலிபிளவர்தான் இருந்துச்சு. வாசல்ல இருந்து பாத்தா வெள்ளையா ஏதோ தெரியும், அவ்வளவுதான். அப்ப, பகல்லயே மாத்தினவர் யாரு? பத்து நிமிஷம் நின்ன கோவிந்தசாமியா? மூளை அடியில தட்டாம இருக்க நூல் கட்டித் தொங்கவிடறது இந்த அறைப் பழக்கம். அந்த முடிச்சு அவருக்குத் தெரியாது. கற்பூரமும் அவர் வழக்கப்படி இல்ல. எரியல, கரைஞ்சிருக்கு. கத்தரிக்கோல் ரெண்டு இருந்தும், கஃபன் துணிக்குச் செய்யற மாதிரி, துணியைக் கையால கிழிச்சிருக்காங்க. யாரோ இங்க முஸ்லிம் முறைப்படி ஒரு மய்யித்தைக் குளிப்பாட்டி கஃபன் சுத்தியிருக்காங்க."

அவர் பதிவேட்டைத் திறந்து வெறுமையாக இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"எல்லாத்துக்கும் மேல இது. எட்டு வருஷத்துல ஒரு வெள்ளிகூட விடல. நேத்து மட்டும் மூணுக்கு எதிர்ல எழுதல. ஜாடியை மாத்த மனசு வந்துச்சு. காலிபிளவருக்குத் தண்ணி மாத்தினேன்னு பொய் எழுத மட்டும் இந்தக் கை வரல. இல்லையா பாய்?"

நெய்னா முகம்மது நிமிர்ந்தார். கண் கலங்கவில்லை, அதெல்லாம் நேற்றே முடிந்திருந்தது.

"வியாழக்கிழமை மேசை துடைக்கிறப்ப அந்தத் தாளைப் பாத்தேன் சார். ஒரு வருஷமா எங்க உம்மாவுக்கு நான்தான் தண்ணி மாத்திருக்கேன். வாராவாரம். தெரியாம. கடைசியா என் பேரைக்கூட மறந்துட்டுக் கெடந்தவங்க. ஜும்ஆ தொழுகைக்குப் போறப்ப சோத்து அடுக்குல வச்சு எடுத்துட்டுப் போய், பிடாடாரி மய்யித்துக் கொல்லையில அவங்க கபுருலயே வச்சிட்டேன்."

"மேஜிஸ்ட்ரேட் உத்தரவு வாங்கினால் மாலைக்குள் எடுத்துவிடலாம்" என்றார் தங்கராஜு பிரதிநிதியிடம். "பார்மலினில் ஊறியது. ஒரு நாளில் கெடாது." அந்த வார்த்தை வாயை விட்டு வந்ததும் அவருக்கே கூசியது. ஆனாலும் சொன்னார். மங்களத்துக்காக அவர் எந்தக் கபுரையும் தோண்டத் தயாராக இருந்தார்.

பிறகு வழக்கப்படி வாக்குமூலத்தை எழுதினார். வாசித்துக் காட்டி, பேனாவை நீட்டினார். "கீழ ஒரு கையெழுத்து, பாய்."

நெய்னா முகம்மது கையெழுத்திட்டார். அதே முத்து முத்தான எழுத்து.

டாக்டர் இங்க்ரித் குனிந்து அதைப் பார்த்தார். பின் மேசையிலிருந்த மூன்றாவது படிவத்தை எடுத்து, இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார்.

"ஆமினா பீவிக்கு எத்தனை மகன்கள்?"

"ஒருவர்தான்" என்றார் தங்கராஜு. சொல்லி முடிப்பதற்குள் அவர் கண் படிவத்துக்குப் போனது.

"அப்படியானால், இந்தக் கைநாட்டு யாருடையது?"

எல்லாத் துப்பையும் மோப்பம் பிடித்தவர் இந்த ஒன்றை மட்டும் காலையில் நிம்மதியோடு திருப்பி வைத்திருந்தார். டாக்டர் சுந்தரம் நாற்காலியில் சரிந்தார்.

"வார்டுல யாரோட விரலையோ வச்சு..." என்று இழுத்தார். "கேட்டா முடியாதுன்னுடுவார்னு பயம். மூணாவது மூளை இல்லாம விண்ணப்பமே போட முடியாது. நோயாளிகளுக்காகத்தான் செஞ்சேன், தங்கராஜு."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன் டாக்டர்" என்றார் நெய்னா. "உம்மா பட்ட பாடு இன்னொருத்தர் படக்கூடாதுன்னு குடுத்திருப்பேன். நீங்க கேக்கவே இல்லையே."

பிரதிநிதி தன் கோப்பை மூடி நாடாவைக் கட்டினார். அவர் முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்தான். அதுதான் தங்கராஜுவைக் கொன்றது. கோபக்காரரிடம் கெஞ்சலாம்.

"மேடம், நோயாளிகள் இருக்கிறார்கள்" என்றார் அவர். "ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும்."

"எனக்கும் தெரியும், இன்ஸ்பெக்டர். என் சகோதரி. ஆனால் இந்தப் படிவத்தை நான் பார்த்துவிட்டேன். பார்க்காத மாதிரி ஊர் திரும்ப முடியாது. மிச்சம் இருக்கிற இரண்டையும் இனி யார் நம்புவார்கள்?"

12:10க்குப் பிரதிநிதியின் கார் கிளம்பியது. திருட்டுப் புகாரை டாக்டர் திரும்பப் பெற்றுக்கொண்டார். நெய்னா முகம்மது எனாமல் பேசினைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பதிவேட்டை அலமாரியில் வைத்துவிட்டு, வேலையை விட்டுப் போனார். தங்கராஜு பிடித்த கேஸ்களிலேயே வேகமாகப் பிடித்தது இதுதான். மூன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. நாமே தேடிக் கண்டுபிடித்து நம் தலையில் நாமே மண்ணைப் போட்டுக்கொண்டோமே என்று காரில் வாய்விட்டு அழுதார்.

மணி 1:15.

மங்களம் வாசற்படியிலேயே நின்றிருந்தாள்.

"சார், எங்க வீட்டுக்காரர் இன்னும் வரலீங்களே. நீங்க பாத்தீங்களா?"

தங்கராஜு தொப்பியைக் கழற்றினார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். சட்டையின் பித்தளைப் பொத்தான்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து, பனியனோடு அவள் முன்னால் நின்றார். அவள் ஒரு அடி பின்னால் போய், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"யாருங்க நீங்க? அவர் வர்ற நேரம்" என்றாள்.

தங்கராஜு சட்டையை மறுபடி போட்டுக்கொண்டார். பொத்தான் போட்டு, தொப்பியையும் வைத்துக்கொண்டு, "வந்துடுவாரும்மா" என்றார். "அதுவரைக்கும் நான் இங்க உக்காந்திருக்கட்டுமா?"

"உக்காருங்க சார்" என்று அவள் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.