முதலாளியின் குளிர் அறை

ட்ரிங்... ட்ரிங்...!

உட்துறைமுக வீதி. குளிர்சாதனப் பெட்டி திருத்தும் கடை. பாயிஸ் ரிசீவரை எடுத்தான்.

"பாயிஸா? நான் அபூதாஹிர் முதலாளி. என்ட ரூம் ஏசி கட்டிலெல்லாம் தண்ணியாக் கொட்டுது. வந்து பாக்க ஏலுமா?"

பாயிஸ் ரிசீவரை இறுக்கிப் பிடித்தான். பயத்தில் இல்லை... ஆத்திரத்தில்!

பெருநாளுக்கு முன்னிருந்தே இந்த அழைப்புக்காகத்தான் அவன் காத்துக் கிடந்தான்.

"ஓம் முதலாளி. இப்பவே வாறன்."

அவனுடைய நானா, கூடப் பிறந்த அண்ணன் ஸுஹைர், முதலாளியின் வள்ளத்தில் வேலை செய்தவன். ஒருநாள் விடியற்காலையில் துறைமுகத் தண்ணீரில் பிணமாக மிதந்தான். சாரத்து மடியில் சாராயப் போத்தல்!

குடித்துவிட்டு விழுந்தான் என்றார் முதலாளி. ஊர் நம்பியது. ஸுஹைரோ சாராயத்தைத் தொட்டுக்கூடப் பாராத மனிதன்! 'குடிகாரனின் உம்மா' என்ற பேச்சுக்குப் பயந்து, தாய் உம்மு குல்சும் கல்யாண வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

கொன்றது யாரென்று பாயிஸுக்குத் தெரியும். நிரூபிக்கத்தான் வழியில்லை. நானாவின் பெயரைக் கழுவ வேண்டும். கொன்றவனைச் சும்மா விடவே கூடாது!

முதலாளியின் வீடு ஒல்லாந்தர் காலத்தது. தடித்த சுவர்கள். ஆனால் அறைச் சுவர் ஒன்றுகூடக் கூரையை முட்டாது. காற்று ஓடட்டும் என்று அப்படிக் கட்டியிருந்தார்கள். குசினி அடுப்படியில் தும்மினால் ஹோலில் கேட்கும். அங்கேயே பிறந்து வளர்ந்த முதலாளி, எதையும் குசுகுசுத்தே பேசிப் பழகியவர்.

ஏசியைப் பார்த்ததும் பாயிஸுக்குச் சிரிப்பு வந்தது. புதிதாக ஒன்றை இறக்குமதி செய்ய முடியாத காலம். முதலாளி கிடைத்ததையெல்லாம் கோர்த்து வைத்திருந்தார். உள்ளே, கப்பல் கபினிலிருந்து கழற்றிய சின்னப் பெட்டி. வெளியே, மீன் குளிரறைக்குப் போடுகிற ராட்சத மெஷின்!

"எருமையையும் கண்டுக்குட்டியையும் ஒண்டாப் பூட்டியிரிக்கீங்க முதலாளி! வெளி மெஷினுக்கு உள் பெட்டி ஈடு குடுக்க ஏலாது. ஐஸ் கட்டும். பிறகு உருகிக் கொட்டும்."

"அப்ப என்ன செய்யிற?"

"வெளியில சின்ன மெஷின் பூட்டோணும். சுவருக்கு மேலயும் பலகையால அடைக்கோணும். இல்லாட்டி குளிரெல்லாம் ஹோலுக்குப் போயிரும்."

முதலாளியின் கண்கள் மின்னின.

"அடை! நல்லா அடை! சத்தமும் வெளிய போகாதெல்லே?"

"காத்தே போகாது. சத்தம் எங்கால போற?"

வெள்ளிக்கிழமை வேலை முடிந்தது. புதுக் குளிர் அறையைக் காட்டிப் பெருமையடிக்க முதலாளி விருந்து வைத்தார். பள்ளிவாசல் தலைவர் முஹம்மது தம்பி முதல் இன்ஸ்பெக்டர் ஆனந்தராசா வரை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் வந்துவிட்டார்கள். ஹோலில் ஆறு பேருக்கு ஒரு சஹன். ஒரே தட்டைச் சுற்றிக் கைகள், கதை, சிரிப்பு... காது கிழிந்தது!

"கடைசியா ஒருக்கா ஓட்டிப் பாப்பம். உள்ள வாங்க முதலாளி."

ஏசியைப் போட்டான். கதவைச் சாத்தினான்.

ஹோல் இரைச்சல் அறுந்தது!

"அட! ஒரு சத்தமும் கேக்குதில்லயே! கெட்டிக்காரன்டா நீ!"

வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வீட்டில் முதலாளி வாய்விட்டுக் கத்தினார்.

சடக்!

பாயிஸ் கதவைப் பூட்டினான். கையில் கனத்த ஸ்பேனர்!

"என்ட நானாவை ஏன் சாகடிச்சீங்க?"

முதலாளி பதறவில்லை. தலையணைக்கு அடியிலிருந்து கைத்துப்பாக்கியை எடுத்தார்.

"இதைக் கேக்கத்தான் வந்தனியா? கேளு! எல்லாத்தையும் நீயே அடைச்சிட்டாய்... இனி ஆருக்குக் கேக்கப் போகுது? தங்கம் இறக்கினதை ஸுஹைர் கண்டிட்டான். பொலிசுக்குப் போவன் எண்டான். துடுப்பால ஒரே அடி... அவ்வளவுதான்!"

"அப்ப சாராயப் போத்தல்?"

"நான்தான் மடியில சொருகினன். குடிகாரன் எண்டா ஒருத்தனும் கேள்வி கேக்கமாட்டான் பாரு! ஹஹ்ஹா!"

பாயிஸின் கண்கள் கலங்கின. அந்தச் சிரிக்கிற மண்டையைப் பிளந்துவிட வேண்டும் போலிருந்தது. பல்லைக் கடித்துப் பொறுத்தான்.

"இப்ப நீ ஸ்பேனரால அடிக்க வந்தாய். நான் சுட்டன் எண்டு சொல்லிருவன். சரியா?"

"சுடுங்க முதலாளி. ஆனா அந்தப் போத்தல் கதையை இன்னொருக்காச் சத்தமாச் சொல்லுங்க. பின்னுக்கு இரிக்கிறவங்களுக்குக் கேட்டிச்சோ தெரியா."

"ஆ... ஆருக்கு?"

தலைக்கு மேலிருந்து ஒரு குரல் விழுந்தது!

"வேண்டாம் பாயிஸ், எல்லாருக்கும் வடிவாக் கேட்டது. முதலாளி, துவக்கைக் கீழ வையுங்கோ. வீட்டைச் சுத்திப் பொலிஸ் நிக்குது."

இன்ஸ்பெக்டர் ஆனந்தராசா!

முதலாளி அண்ணாந்து பார்த்தார். அலுமாரிக்கு மேலே, ஹோல் பக்கச் சுவருக்கும் கூரைக்கும் நடுவில்... பலகை இல்லை. சுண்ணாம்பு அடித்த வெறும் துணி!

துப்பாக்கி கையிலிருந்து நழுவியது. பாயிஸ் அதைக் காலால் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தான்.

முந்தின நாளே அவன் ஸ்டேஷனுக்குப் போய்ப் பேசி வைத்திருந்தான். கதவு சாத்தப்பட்ட கணமே இன்ஸ்பெக்டர் உதட்டில் விரலை வைத்து ஹோலை அடக்கியிருந்தார். சஹனுக்குள் போன கைகள் சோற்றோடு அப்படியே நின்றன. ஒருவரும் மெல்லவில்லை.

முஹம்மது தம்பி எழுந்து வந்து பாயிஸின் தோளைப் பிடித்தார்.

"எங்கள மன்னிச்சிரு மகன். உம்மாவைப் பாக்க ஊரோட வாறம்."

பாயிஸ் விம்மி விம்மி அழுதான்.

விலங்கு மாட்டும்போது முதலாளி உறுமினார்.

"கோட்டில வழக்காடிப் பாப்பம்! கொழும்பிலிருந்து பெரிய அப்புக்காத்தைக் கூப்பிடுவன்!"

"தாராளமாக் கூப்பிடுங்கோ," என்றார் இன்ஸ்பெக்டர். "ஆனா இந்த ஊரில உங்களுக்குச் சாட்சி மட்டும் தேடாதேங்கோ முதலாளி... காது கேக்கிற எல்லாரும் எங்கட சாட்சி!"